காசு கேட்காத வாசகர்: என்விடிஏ மதிப்புரை

முதலில் தீர்ப்பு, பிறகு வழக்கு. பார்வையற்றவர்களுக்கென்று இலவசமாகக் கொடுக்கப்பட்ட பொருள்களில் என் கைக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சமல்ல. மடக்குக் கோல், பிரெய்ல் கைக்கடிகாரம், கம்பளி, எவர்சில்வர் தட்டு, ஒருமுறை சுவர்க் கடிகாரம்கூட. (அதைக் கொடுத்தவர் மேடையில் நெடுநேரம் பேசினார். கடிகாரம் என் கையில் இருந்ததால் அவருக்கு நேரம் தெரியவில்லை போலிருக்கிறது.) வாங்கிய அன்று இருந்ததைவிட இரண்டாம் ஆண்டில் நன்றாக வேலை செய்யும் இலவசப் பொருள் என்று நான் கண்டது ஒன்றுதான். அது என்விடிஏ என்ற கணினி மென்பொருள்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, திருநெல்வேலிக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லை. இப்போது காதும் விடைபெறத் தொடங்கியிருக்கிறது. வலக்காது முக்கால்வாசி போய்விட்டது, இடக்காது இன்னும் உழைக்கிறது. ஆகவே இந்த மதிப்புரையில் இரண்டு வகைப் பயனாளிகளின் நியாயமும் கலந்து வரும்.

என்விடிஏ ஒரு ஸ்கிரீன் ரீடர். எங்கள் வட்டாரத்தில் திரைவாசிப்பான் என்று எழுதுகிறோம். விண்டோஸ் கணினியின் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். நாம் தட்டும் எழுத்தையும் திருப்பிச் சொல்லும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பர் உடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள், சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாம் ஒன்றில் பழக்கமானவர்கள். அடுத்த ஆண்டே என்வி ஆக்சஸ் என்ற பெயரில் ஓர் அறக்கொடை அமைப்பை ஏற்படுத்தினார்கள். அந்த அமைப்பு இந்த மென்பொருளை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவருகிறது. நிரலும் திறந்த மூலம். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் பேசுகிறது, தமிழும் அவற்றில் ஒன்று.

அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த திரைவாசிப்பான் ஜாஸ். நல்ல மென்பொருள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்று அதன் நிரந்தர உரிமம் சுமார் ஆயிரம் டாலர். உரிமம் இல்லாமல் போட்டால் நாற்பது நிமிடம் ஓடும். அதற்கு மேல் வேண்டுமானால் கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். எங்களில் ஒரு தலைமுறைப் பட்டதாரிகள் கணினி படித்ததே நாற்பது நாற்பது நிமிடங்களாகத்தான். நான் வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்தால், முகலாயர் முடிந்து மராத்தியர் தலையெடுப்பதற்குள் குரல் நின்றுவிடும்.

என் பழைய மாணவன் ஒருவன், அவனும் பார்வையற்றவன், வங்கியில் வேலை கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது ஒரு பென்டிரைவைக் கையில் வைத்தான். “டீச்சர், இதைச் செருகினால் போதும். எந்தக் கணினியும் உங்களோடு பேசும்” என்றான். சந்தேகத்தோடுதான் செருகினேன். கீழிருந்து மேலாக ஏறும் சிறு இசைத்துணுக்கு, உடனே குரல். கணினியில் நிறுவாமலே இயங்கும் கையடக்கப் பதிப்பு அது. பிரவுசிங் சென்டரிலோ நூலகத்திலோ கணினிக்காரரிடம் கெஞ்சாமல், “கொஞ்சம் இதை நிறுவித் தர முடியுமா” என்று காத்து நிற்காமல், நம் வாசகரை நாமே பையில் கொண்டுபோகலாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை முடியும்வரை கடிதம் படிக்கக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். கையடக்கப் பதிப்புக்கு ஓர் எல்லை உண்டு: கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையிலும், நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியிலும் அது பேசாது. அதற்கு முறையாக நிறுவித்தான் ஆக வேண்டும்.

பழகுவது கடினமா என்று கேட்பார்கள். இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக், இரண்டில் ஒன்று என்விடிஏவின் தலைமை விசை. அதை அழுத்திக்கொண்டு எண் ஒன்றை அழுத்தினால் உதவி நிலைக்குப் போகும். அப்போது எந்த விசையைத் தொட்டாலும் அதன் வேலை என்ன என்று சொல்லுமே தவிர அந்த வேலையைச் செய்யாது. எதையாவது அழித்துவிடுவோமோ என்று நடுங்கும் அறுபது வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சித் திடல் கிடையாது. இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்கு, கே அழுத்தினால் இணைப்பிலிருந்து இணைப்புக்கு, டி அழுத்தினால் அட்டவணைக்குத் தாவலாம். கன்ட்ரோலைத் தொட்டால் வாயை மூடிக்கொள்ளும். எந்த வாசிப்பாளரிடமும் எனக்குக் கிடைக்காத வசதி. ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு முடிந்தது என்பதைச் சுருதி ஏறும் சிறு ஒலிகளால் தெரிவிக்கும். பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு நூற்றில் எத்தனை என்று எண் சொல்லவே வேண்டாம். மேல் ஸட்ஜமத்தை நெருங்குகிறது என்றால் வேலை முடியப்போகிறது.

இணையத்தில் நான் சந்திக்கும் பெரும் எரிச்சலுக்கு என்விடிஏ பொறுப்பில்லை. பெயரிடாத பொத்தான்கள் வரிசையாக வரும்: பொத்தான், பொத்தான், பொத்தான். எது கட்டணம் செலுத்தும், எது ரத்து செய்யும் என்று தளம் கட்டியவர் எழுதி வைக்கவில்லை என்றால் எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. நான் மாதந்தோறும் போகவேண்டியிருக்கும் ஒரு தளம், நான் மனிதப் பிறவிதான் என்பதை நிரூபிக்கப் படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்கிறது. அந்தப் பெட்டி வந்ததும் நானும் என்விடிஏவும் சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

இனி குரல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மதிப்புரை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முகம் சுளிக்கிறார்கள். என்விடிஏவுடன் இலவசமாகவே சேர்ந்து வருவது ஈஸ்பீக் என்ற குரல். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் பேச்சுத் தொகுப்பையும் இறக்கிக்கொண்டால் வள்ளுவர் என்ற பெயரில் மைக்ரோசாஃப்டின் ஆண் குரல் கிடைக்கும். மனிதக் குரல், கேட்க இதமானது. காது நன்றாக இருந்த காலத்தில் நானும் வள்ளுவர் கட்சிதான். ஈஸ்பீக்கைக் கேட்டு வீட்டுக்கு வந்த உறவினர்கள் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

காது கெட ஆரம்பித்ததும் கதை மாறியது. வயதோடு வரும் செவிக் குறைவில் முதலில் போவது உயர் அதிர்வெண். உயிரொலிகள் கேட்கும், மெய்யெழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடும். சத்தம் வருகிறது, சொல் வரவில்லை என்று பெரியவர்கள் புலம்புவது இதைத்தான். இயல்பான மனிதக் குரலில் மெய்கள் ஒன்றோடொன்று குழைந்து ஓடுவதால் எனக்குப் பாதி வாக்கியம் சேறாகிவிடும். ஈஸ்பீக் குழையத் தெரியாதது. ஒவ்வொரு மெய்யையும் ஆணி அடித்து நிறுத்துகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. சுருதியைத் தாழ்த்தி, ஏற்ற இறக்கத்தைக் குறைத்து, வேகத்தை ஒரு படி இறக்கி வைத்தேன். இந்த மூன்றையும் அமைப்புப் பெட்டிக்குள் போகாமலே கன்ட்ரோல், என்விடிஏ விசை, அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி, படித்துக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். அழகில்லாத குரல் என் காதுக்குத் தெளிவான குரலாக அமைந்துவிட்டது. காது கேட்கும் இளைஞர்கள் இதே குரலை வேகப் பெருக்கத்தில் வைத்து, எனக்கு வண்டு ரீங்காரமாகக் கேட்கும் வேகத்தில் நாவல் படிக்கிறார்கள். இரண்டு கோடியிலும் ஒரே குரல் பயன்படுகிறது.

இன்னொரு வசதி 2024.2 பதிப்பில் வந்தது. என்விடிஏவின் குரலை ஒரு காதுக்கும் மற்ற செயலிகளின் ஒலியை மறு காதுக்கும் பிரித்து அனுப்பலாம். இரண்டு காதும் நன்றாக உள்ளவர்கள் கூட்டத்தில் பேச்சைக் கேட்டுக்கொண்டே குறிப்பைப் படிக்க இதைப் பயன்படுத்துவார்கள். எனக்கு வேறு பயன். குரலை இடப்பக்கம் மட்டும் வைத்து, மற்றதை இரு பக்கமும் வரவிட்டேன். இப்படி ஓர் உட்பிரிவும் அதில் இருக்கிறது. நல்ல காதுக்கு வாசகர் வந்துவிட்டார். புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: ஒலி நின்ற இடைவெளியில் ஹெட்போன் தூங்கிப்போய், அடுத்த வாக்கியத்தின் முதல் அசையை விழுங்கிவிடும். பேசி முடித்த பிறகும் ஒலிக்கருவியைக் கொஞ்ச நேரம் விழித்திருக்கச் செய்யும் எண் ஒன்று ஒலி அமைப்புகளில் இருக்கிறது. அதைக் கூட்டி வைத்தால் ‘இல்லை’ என்பதன் ‘இ’ உங்களுக்குக் கிடைக்கும்.

காது பற்றிப் பேச்சு வந்ததால், அதே தருமத் துறையில் நான் பெற்ற இன்னொரு சேவையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். திருமண மண்டபம் ஒன்றில் காதொலிக் கருவி வழங்கும் முகாம் நடந்தது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். நல்லெண்ணத்தில் குறை இல்லாதவர்கள். டோக்கன், நாற்காலி, மோர், பொன்னாடை எல்லாம் ஒழுங்கு. ஆடியோகிராம் மட்டும் எடுக்கவில்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்பு என்று அளக்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் ஒலி கூட்டப்பட்ட கருவி. காதுக்குப் பின்னால் மாட்டிவிட்ட இளைஞர், “அம்மா, சிவப்புக் குறி வலது, நீலக் குறி இடது” என்றார். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். “பேட்டரி வாங்கும்போது ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்” என்றும் சேர்த்துக்கொண்டார். பழக்க தோஷம்.

பிறகு நான் காசு கொடுத்து ஒரு செவித்திறன் நிபுணரிடம் போய் முறையாக அளவெடுத்து, அதே கருவியை அமைக்க முடிந்த அளவுக்கு அமைத்துக்கொண்டேன். வலக்காதுக் கருவியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்; தடவினால் தெரியும். பேட்டரி சமாசாரமும் அவர்தான் சொன்னார்: ஆரஞ்சுத் தாள் என்றால் 13ஆம் எண், கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும், தாளை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைக்க வேண்டும், துத்தநாகமும் காற்றும் சேர்ந்துதான் மின்சாரம். முகாமில் இதைச் சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. குழுப் படம் எடுக்க இருந்தது.

என்விடிஏவை நான் ஏன் உயர்த்திப் பேசுகிறேன் என்பது இப்போது புரியும். அதைக் கொடுப்பவர்கள் அதையே நாள் முழுதும் பயன்படுத்துபவர்கள். சிவப்பு வலது, நீலம் இடது என்று அவர்கள் வாயில் வராது. ஆண்டுக்குச் சில பதிப்புகள் வருகின்றன. குறை கண்டால் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்க எழுதலாம், எழுதிய குறைக்கு எண் போட்டு வைக்கிறார்கள், அது எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்பதும் பொதுவில் இருக்கும். தானமாக வாங்கிய பொருளைக் குறை சொல்லலாம், சொன்னதற்கு நன்றி என்று பதிலும் வரும் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் புதிய அனுபவம். இலவசத் தட்டில் ஓட்டை இருந்தால் நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

புகழ்ந்தது போதும். தமிழ் வாசகருக்கு இதில் குறைகள் உண்டு, சில அதனுடையவை, சில நம்முடையவை.

நம்முடையதை முதலில் சொல்கிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பு வந்தால் கதை முடிந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருப்பது, பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாக நகர்த்திக் கேட்டால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடு என்னும் ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டாயிற்று. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் முதல் சங்கச் சுற்றறிக்கை அனுப்புபவர் வரை எனக்கு இன்னமும் ஜே கே பி ஓ அனுப்புகிறார்கள். மாற்றிகள் இருக்கின்றன, ஒவ்வொரு கோப்புக்கும் எந்த எழுத்துரு என்று ஊகித்து மாற்றியில் இட்டுப் படிப்பதற்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்துவிடும்.

அடுத்து, படமாக வரும் தமிழ். ஆங்கிலத்தில் வருடி எடுத்த பக்கமென்றால் தலைமை விசையோடு ஆர் அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரியைக் கொண்டு படித்துவிடும். அந்த எழுத்துணரிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைத் தொலைபேசியில் கூகுள் மூலம் எழுத்தாக்கி, கணினிக்கு அனுப்பிக் கேட்கிறேன். சுற்றுவழி, ஆனால் போய்ச் சேர்கிறது.

எழுதும்போது வேறு தொல்லை. ‘முன்னாள்’, ‘முந்நாள்’ இரண்டும் குரலில் ஒன்றே. ஒற்றெழுத்துப் பிழையையும் ந, ன மயக்கத்தையும் காதால் பிடிக்க முடியாது. சந்தேகம் வந்த இடத்தில் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்க வேண்டும். பிரெய்லில் படித்தவர்களுக்கு எழுத்து விரலில் இருக்கும், சமாளிப்பார்கள். குரலை மட்டுமே கேட்டு வளரும் இன்றைய பிள்ளைகளின் எழுத்துப்பிழையைப் பார்த்தால் எனக்குப் பிரம்பு ஞாபகம் வருகிறது. திரைவாசிப்பான் வந்துவிட்டது, பிரெய்ல் எதற்கு என்று பள்ளிகளில் கேட்பவர்களோடு நான் சண்டைக்குத் தயார்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தில் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலமாகவே சொல்லிவிடுகிறது. சில ஆங்கிலக் குரல்களை வைத்திருந்தாலோ தமிழ் வரி வந்ததும் மௌன விரதம். இதற்குத் தீர்வு, செயலி வாரியாக அமைப்பைச் சேமிக்கும் வசதி: வேர்டில் தமிழ்க் குரல், மின்னஞ்சலில் ஆங்கிலக் குரல் என்று ஒருமுறை சொல்லி வைத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

இடக்காதும் போய்விட்டால்? இந்தக் கேள்வியை நான் தள்ளிப்போடவில்லை. என்விடிஏ பேசுவதோடு நிற்காமல் பிரெய்ல் காட்டியிலும் எழுத்தைத் தருகிறது. சிறு ஊசிமுனைகள் எழும்பி இறங்கி ஒவ்வொரு வரியாக விரலுக்குக் கீழே வரும். குரலை முழுவதும் நிறுத்திவிட்டு இதை மட்டுமே வைத்துக் கணினி நடத்தலாம். பார்வையும் செவியும் இல்லாதவர்களுக்கு இதுவே கதவு. தமிழ் பிரெய்ல் அட்டவணையும் அதில் சேர்ந்தே இருக்கிறது. தோழி ஒருத்தியின் வீட்டில் ஆர்பிட் ரீடர் 20 என்ற சிறு கருவியை என்விடிஏவோடு இணைத்துத் தமிழ்ச் செய்தி படித்துப் பார்த்தேன். இருபதே கட்டம் என்பதால் நீண்ட தமிழ்ச் சொல் ஒன்று வந்தால் பாதி வரியை அது ஒன்றே அடைத்துக்கொள்கிறது. வேகம் குறைவு. ஆனால் முந்நாளும் முன்னாளும் விரலில் வேறு வேறாக இருந்தன. அந்த நிமிடம் எனக்குள் இருந்த ஆசிரியை துள்ளிவிட்டாள். பிரெய்ல் காட்டிகள் விலை கூடியவை. மென்பொருள் இலவசமாக இருந்தும், அதை விரலுக்குக் கொண்டுவரும் கருவி பலருக்கு எட்டாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய இடைவெளி. தருமம் செய்ய மண்டபம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பலாம்.

பணம். தரவிறக்கும் பக்கத்தில் நன்கொடை கேட்பார்கள். கொடுக்காவிட்டாலும் மென்பொருள் முழுதாகவே இறங்கும், எந்த வசதியும் பூட்டப்படாது. மொசில்லா, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் அவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கின்றன. என் விடுதி நாள்களில் யாருடைய பிறந்தநாளுக்கோ வடை பாயசத்தோடு சாப்பாடு வரும். சாப்பிடுமுன் வரிசையில் நின்று, முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு வாழ்த்துப் பாட வேண்டும். பாயசம் நன்றாகவே இருக்கும். இங்கே பாட்டு கேட்கவில்லை என்பதற்காகவே ஓய்வூதியத்திலிருந்து ஆண்டுக்கொரு தொகை அனுப்புகிறேன்.

யாருக்கு இது ஒத்துவராது? ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு. அதற்கு அதன் சொந்த வாசிப்பான் உண்டு. தொலைபேசியே போதும் என்பவர்களுக்கும் தேவையில்லை, ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற வாசிப்பான் இருக்கிறது. விண்டோஸ் 7 பிடித்துத் தொங்குபவர்களுக்கு 2023.3 வரிசையோடு பாதை முடிந்தது, மேலே வரும் எதுவும் அதில் ஓடாது. வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் மடிக்கணினியின் விசைகளோடு அவர்களை மல்லுக்கு விடாமல், வலது ஓரத்தில் எண்கட்டம் உள்ள தனி விசைப்பலகை ஒன்று வாங்கிச் செருகுங்கள். வரி, சொல், எழுத்து என்று நகர்ந்து கேட்கும் கட்டளைகள் அந்த எண்கட்டத்தில்தான் இருக்கின்றன. நடுவிலுள்ள ஐந்தில் புடைப்பு இருக்கிறதா என்று கடையிலேயே தடவிப் பார்த்து வாங்கவும்.